இலை நரம்பு பதித்த மண் தட்டு: முதன்முறை செய்பவர்களுக்கு

ஈரமண்ணில் இலையை வைத்து அழுத்தினால் அச்சு விழுந்துவிடும். அதற்கு இரண்டு நிமிடம் போதும். அந்தத் தட்டைக் கோணாமல், விரிசல் விடாமல் சூளைவரை கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் வேலை. சக்கரம் தேவையில்லை. மண்ணைத் தகடாகத் தேய்த்தே செய்துவிடலாம்.

தேவையானவை

22 செ.மீ. அகலத் தட்டு ஒன்றுக்கு 800 கிராம் ஸ்டோன்வேர் (அதிக வெப்பத்தில் சுட்டுக் கெட்டியாக்கும்) களிமண், வெட்டிக் கழியும் ஓரங்களையும் சேர்த்து. சுட்டுப் பொடித்த மண் (கிராக்) கொஞ்சம் கலந்த களிமண் என்றால் கோணல் குறையும். ஆனால் பொடி நைஸாக இருக்க வேண்டும். பரபரவென்று இருந்தால் மெல்லிய நரம்புகள் பதியாது. இவற்றோடு கித்தான் துணி, உருளைக்கட்டை, 6 மி.மீ. கனத்தில் இரண்டு மரச்சட்டம், ஊசி, ஸ்பாஞ்ச், அச்சாக வைக்க ஆழமில்லாத ஒரு தட்டு.

இலை அன்று பறித்ததாக இருக்கட்டும். காய்ந்த இலை நொறுங்கி மண்ணோடு ஒட்டிக்கொள்ளும். பூசணி, ஆமணக்கு, அரசு ஆகியவற்றின் இலைகள் நன்றாக விழும். தடித்து வழுவழுப்பாக இருக்கும் இலைகளில் பெரும்பாலும் நடுநரம்பு மட்டுமே தெரியும்.

படி 1: தகடு தேய்த்தல்

மண்ணைக் காற்றுக்குமிழ் இல்லாமல் பிசைந்து, கையால் தட்டித் தட்டையாக்குங்கள். கித்தான்மேல் போட்டு, இருபுறமும் மரச்சட்டம் வைத்து உருட்டுங்கள். உருளைக்கட்டை சட்டத்தின்மேல் ஏறியதும் கனம் தானாகவே 6 மி.மீ.க்கு வந்து நிற்கும். நான்கைந்து உருட்டலுக்கு ஒருமுறை தகட்டைத் திருப்பிப் போட்டு, திசையையும் மாற்றி உருட்டுங்கள். ஒரே திசையில் இழுபட்ட மண், காயும்போது அந்தத் திசையிலேயே அதிகம் சுருங்கித் தட்டைக் கோணலாக்கும்.

தகட்டின் ஓரத்தைப் பிடித்துத் தூக்கவே கூடாது. மண்ணுக்கு ஞாபகசக்தி உண்டு. வளைந்த இடத்தை நீங்கள் சமன் செய்தாலும் சூளையில் அது மறுபடி வளையும். துணியோடு சேர்த்துத் தூக்கி, பலகைமேல் கவிழ்த்து, துணியை உரித்தெடுங்கள்.

படி 2: இலை பதித்தல்

நரம்பு புடைத்திருப்பது இலையின் அடிப்புறத்தில். அந்தப் பக்கம் மண்ணைத் தொடவேண்டும். மேற்புறத்தை வைத்துவிட்டு ‘அச்சே விழவில்லை’ என்று சோர்ந்துபோகிறவர்கள் நிறையப் பேர். காம்பு தடித்திருந்தால் கத்தியால் பாதியாகச் சீவுங்கள். இல்லாவிட்டால் அது ஆழமாகப் பதிந்து, அந்தப் பள்ளத்தில் விரிசல் தொடங்கும். நடுவிலிருந்து ஓரத்துக்கு ஒருமுறை, நிதானமாக அழுத்தி உருட்டுங்கள். இரண்டாவது முறை உருட்டினால் இலை நகர்ந்து அச்சு இரட்டையாகத் தெரியும்.

பிறகு ஊசியால் காம்பை நெம்பி இலையை உரித்துவிடுங்கள். சீனாவின் ஜிட்சோ சூளைகளில், சோங் வம்சக் காலத்தில், கிண்ணத்தின் கறுப்புக் கிளேஸில் (சுட்டால் கண்ணாடிபோல் உருகிப் படியும் பூச்சில்) நிஜ இலையையே வைத்துச் சுட்டார்கள். இலை எரிந்தும் அதன் நரம்புருவம் கிளேஸில் தங்கியது. அது கைதேர்ந்தவர்களின் வித்தை, முதல் தட்டில் முயல வேண்டாம்.

படி 3: வடிவமும் உலர்த்தலும்

வட்டமாக வெட்டி, ஓரத்தை ஈர ஸ்பாஞ்சால் மழுக்குங்கள். அச்சுத் தட்டில் மெல்லிய துணி விரித்து, மண்தகட்டை அதன் உள்ளே இறக்குங்கள். உள்ளே இருக்கும் மண் சுருங்கும்போது அச்சை விட்டுத் தானே விலகும். கவிழ்த்த கிண்ணத்தின்மேல் போர்த்தினால் சுருங்க இடமின்றிப் பிளந்துவிடும்.

மறுநாள் தோல்பதத்துக்கு வந்திருக்கும்: வளையாது, ஆனால் நகம் பதியும். அச்சிலிருந்து எடுத்து, அடிப்பக்கத்தைச் சீராக்குங்கள். ஓரம்தான் முதலில் காயும், நடு பின்தங்கும். அதனால் ஓரத்தைச் சுற்றி மட்டும் பிளாஸ்டிக் தாள் போர்த்தி, 5 முதல் 7 நாள் விடுங்கள். மின்விசிறியும் வெயிலும் வேண்டாம். கன்னத்தில் வைத்துப் பாருங்கள். சில்லென்று இருந்தால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது. காய்ந்தபின் உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். அதில் பறக்கும் சிலிக்காத் தூசி நுரையீரலுக்குக் கேடு.

படி 4: முதல் சூடு

காய்ந்த தட்டைச் சூளையில் வைத்து, 80-90 டிகிரி செல்சியஸில் சில மணிநேரம் நிறுத்துங்கள். மிச்சமிருக்கும் நீர் கொதித்து ஆவியானால் தட்டு வெடிக்கும். பிறகு 600 டிகிரிவரை மணிக்கு 100 டிகிரிக்கு மேல் ஏற்றாதீர்கள். இந்த இடைவெளியில்தான் மண்ணோடு வேதியியல் முறையில் பிணைந்த நீர் வெளியேறும், 573 டிகிரியில் மண்ணிலுள்ள குவார்ட்ஸ் என்ற கனிமம் சட்டென விரியும். அதற்குமேல் 1000 டிகிரிவரை வேகமாகப் போகலாம்.

படி 5: நரம்புக்கு நிறம்

100 மி.லி. தண்ணீரில் 1 தேக்கரண்டி சிவப்பு இரும்பு ஆக்சைடைக் கலக்கி, அச்சு முழுக்கத் தூரிகையால் பூசுங்கள். பின் ஈர ஸ்பாஞ்சால் மேற்பரப்பைத் துடையுங்கள். நிறம் நரம்புப் பள்ளங்களில் மட்டும் தங்கும். ஸ்பாஞ்சை அடிக்கடி அலசாவிட்டால் தட்டு முழுக்கப் பழுப்பேறும்.

ஈயமில்லாத, உணவுக்கு ஏற்ற தெளிந்த கிளேஸில் 2-3 விநாடி முக்கி எடுங்கள். கூடுதல் நேரம் வைத்தால் கிளேஸ் தடித்து அச்சையே மூடிவிடும். அடிப்பகுதியையும், அதற்கு மேலே 3 மி.மீ. வரையும் சுத்தமாகத் துடைக்க வேண்டும். இல்லையென்றால் உருகிய கிளேஸ் தட்டைச் சூளைப் பலகையோடு ஒட்டிவிடும். மண்ணும் கிளேஸும் ஒரே வெப்பநிலைக்கு உரியவையா என்று வாங்கும்போதே பாருங்கள். கிளேஸ் காய்ந்ததும் இரண்டாவது முறை சூளையில் சுட வேண்டும்: நடுத்தர ஸ்டோன்வேருக்குப் பெரும்பாலும் 1220-1240 டிகிரி. மொத்தச் சுருக்கம் 12 சதவீதம் என்றால் 22 செ.மீ. தட்டு சுமார் 19 செ.மீ. ஆகும்.

சூளை 100 டிகிரிக்குக் கீழே இறங்கும்வரை திறக்காதீர்கள். வெளியே எடுத்தபின் ‘டிங்... டிங்...’ என்று சத்தம் கேட்டால் கிளேஸில் நுண்விரிசல் ஓடுகிறது. அந்தத் தட்டில் சாப்பிட வேண்டாம், சாவியோ பூவோ போட்டு வையுங்கள்.