கிளிப் இல்லாத பேனாவுக்கு மலிவான அலங்காரம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கையால் கடைந்த பேனாவில் கிளிப்பை விட்டுவிட்டால் அதன் வடிவம் தடையின்றித் தெரியும். ஆனால் பேனா மேசையிலிருந்து உருண்டு விழாமல் பார்த்துக்கொண்டதும் அந்தக் கிளிப்தான். ஆகவே மூடியில் பதிக்கும் சிறு குமிழுக்கு அழகோடு அந்த வேலையும் சேர்ந்துவிடுகிறது. இதை மறந்து, கைக்குக் கிடைத்த மணியை மூடியின் குறுகிய நுனியில் ஒட்டிவிடுகிறவர்கள் பலர். அங்கே ஒட்டிய குமிழ் மேசையைத் தொடாது. பேனா அதன் அகன்ற பகுதியின் மேல் உருண்டு போய்க்கொண்டே இருக்கும். மூடியின் அகன்ற இடத்தில், அதன் வளைவைவிடச் சற்றே உயர்ந்து நிற்குமாறு குமிழைப் பதிக்க வேண்டும்.

ஊட்டி, குன்னூர், கோத்தகிரிக் கடைத்தெருக்களின் ஃபேன்சி ஸ்டோர்களில் கிடைக்கும் திருகு மூக்குத்தியைவிடப் பொருத்தமான மலிவுக் குமிழ் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. கல், பூ, மொட்டு என்று வடிவங்கள் பல. பதிப்பதற்கு ஏற்ற தண்டும் அதிலேயே இருக்கிறது. தவறு நேர்வது துளையிடும்போதுதான். துளை மூடியின் சுவரைக் கடந்து உள்ளே போய்விட்டால் காற்று புகுந்து நிப்பில் மை காய்ந்துவிடும். உள்ளே நீட்டிய பித்தளைத் தண்டில் மை பட்டால் அரிப்பு தொடங்கும், இரும்புச் சத்துள்ள அமில மையாக இருந்தால் இன்னும் விரைவாக. எனவே துளைக்கும் ஊசியில், சுவரின் பாதிக் கனத்துக்கு அடையாளமாக ஒரு நாடாத் துண்டைச் சுற்றிக்கொண்டு, தண்டையும் அந்த அளவுக்கு வெட்டிவிட வேண்டும். மூடியின் உள்ளே மரை ஓடும் பகுதியில் சுவர் மெலிந்திருக்கும். அங்கே துளையிடவே கூடாது. கவரிங் பொருளைப் பதித்த பிறகு உப்புத்தாளால் தேய்த்தால் மேற்பூச்சு போய் அடியிலிருக்கும் பித்தளை பல்லிளிக்கும் என்பதால், மூடியை முழுவதுமாக மெருகேற்றிய பின்னரே குமிழைப் பதிப்பது நல்லது.

வெள்ளியை எபோனைட்டில் பதிப்பது பலரும் காலம் கடந்து உணரும் தவறு. எபோனைட் என்பது கந்தகம் சேர்த்துக் கெட்டியாக்கிய ரப்பர். அதிலிருந்து மெல்லக் கசியும் கந்தகம் வெள்ளியைக் கறுக்க வைக்கும். பேனாவைப் பெட்டியில் மூடி வைத்தால் கறுப்பு இன்னும் சீக்கிரம் படியும். வெள்ளி மெட்டியை மூடிக்கு வளையமாக்குவது அருமையான யோசனைதான். திறந்த வளையமாக இருப்பதால் அளவுக்கு இறுக்கிக்கொள்ளவும் முடியும். ஆனால் அதை அக்ரிலிக் பேனாவுக்கு வைத்துக்கொண்டு, எபோனைட்டுக்குத் துருப்பிடிக்காத எஃகையோ அலுமினியத்தையோ தேர்ந்தெடுக்கலாம். அக்ரிலிக் பேனாவுக்கு மோட்டார் வைண்டிங் கடையில் மிஞ்சும் செம்புக் கம்பியும் நல்ல பொருள். அதன் மேலிருக்கும் எனாமல் பூச்சைச் சுரண்டாமல் ஒட்டினால் கம்பி உரிந்து வந்துவிடலாம்.

இலவசமாகக் கிடைப்பவற்றில்தான் ஆபத்து கூடுதல். குன்றிமணியின் சிவப்பும் கறுப்பும் எவரையும் கவரும். அதன் கெட்டியான தோல் உடையாதவரை நஞ்சு உள்ளேயே அடங்கியிருக்கும். துளையிட்டாலோ அப்ரின் என்னும் கொடிய நஞ்சு தூளோடு வெளிவரும். பேனா மூடியைக் கடிக்கும் பழக்கமுள்ள குழந்தைகள் வீட்டில் இருக்கும்போது இதை நினைத்துப் பார்க்கவே கூடாது. அப்ரின் இல்லாத ஆனைக்குன்றிமணியின் சிவப்பே போதும். காட்டோரம் கிடக்கும் மான் கொம்பும் முள்ளம்பன்றி முள்ளும் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்கு உட்பட்டவை. உதிர்ந்து கிடந்தாலும் தொடக் கூடாது. புழக்கத்திலுள்ள நாணயத்தை உருக்குவதையும் சிதைப்பதையும் 2011ஆம் ஆண்டின் நாணயச் சட்டம் தடுக்கிறது.

தோடர் பூவேலைத் துணித் துண்டைத் தெளிவான ரெசினில் (ஊற்றியதும் இறுகும் திரவப் பிசினில்) பதிக்க விரும்புகிறவர்கள், வெள்ளைத் துணி ரெசினை உறிஞ்சிச் சாம்பல் நிறமாகிக் கண்ணாடிபோல் ஆகிவிடும் என்பதை எதிர்பார்ப்பதில்லை. துணியின் பின்புறம் வெள்ளை வண்ணம் பூசிக் காயவைத்த பிறகே அதை ரெசினில் இட வேண்டும். அந்தப் பூவேலைக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்திருப்பதால், அச்சிட்ட போலி வடிவத்தைத் தோடர் பூவேலை என்று சொல்லி விற்பது முறையாகாது.

ஒட்டும் பசையை இந்த மலையின் குளிரும் ஈரமும் நேராகப் பாதிக்கின்றன. மழைக்காலக் காற்றில் உடனடிப் பசை ஒட்டிய இடத்தைச் சுற்றி வெண்படலம் படரும்; கறுப்பு எபோனைட்டில் அது பளிச்சென்று தெரியும். எனவே உலோகத்துக்கு இரு பகுதிகளாக வரும் எபாக்ஸிதான் ஏற்றது. ஆனால் மார்கழிக் குளிரில் அது கூழாகிச் சரியாகக் கலக்காது. இறுகவும் நெடுநேரம் எடுக்கும். டியூப்களை வெதுவெதுப்பான நீரில் சற்று வைத்துக் கலக்கலாம். ஒட்டிய பேனாவை அடுப்பருகில் வைத்தால் எபோனைட் இளகி மூடி வளைந்துவிடும். அறை வெப்பத்திலேயே ஒரு முழு நாள் அசைக்காமல் விட வேண்டும்.