ஸ்வீட் குளோவர்: குதிரைமசாலைப் போல நடத்தாதீர்கள்

பயறுவகைத் தீவனப் பயிரான ஸ்வீட் குளோவர் சாகுபடியில் நேரும் தவறுகளில் பல, அதைக் குதிரைமசாலின் தம்பியாக எண்ணுவதில் தொடங்குகின்றன. இரண்டுக்கும் ஒரே ரைசோபியம் (வேர்முடிச்சில் தழைச்சத்தைச் சேர்க்கும் பாக்டீரியா) பொருந்தும் என்பது உண்மைதான். உறவு அத்துடன் சரி.

விதையுறை மிகக் கடினமானது. உறை கீறப்படாத விதை முளைக்காமல் மண்ணில் கிடந்து, பல ஆண்டுகள் கழித்து வேறு பயிரின் நடுவே களையாகத் தலைகாட்டும். ஒரு சென்டிமீட்டர் ஆழமே போதும். அமில மண்ணில் சுண்ணாம்பு இடாமல் விதைப்பது வீண் செலவு.

ஈராண்டு வகைகளில், இரண்டாம் ஆண்டு அறுப்புக்குப் பின் வரும் துளிர் அடிக்கட்டையிலிருந்து வராது. தண்டின் கணுக்களிலிருந்தே வரும். தரையொட்ட அறுத்தால் பயிர் முடிந்தது. 20 முதல் 30 செ.மீ. தாள் விட்டு, பூப்பதற்கு முன் மொட்டுப் பருவத்திலேயே அறுக்க வேண்டும். தாமதித்தால் தண்டு முற்றிவிடும், மாடும் ஒதுக்கும்.

இவையெல்லாம் மகசூலோடு போகிற நட்டங்கள். மாட்டையே பறிக்கும் தவறு உலர்தீவனத்தில் இருக்கிறது. தடித்த, சாறுள்ள தண்டு மெதுவாகவே காயும். அதற்குள் இலைகள் சருகாகி உதிரத் தொடங்கும். இலையைக் காப்பாற்றும் அவசரத்தில் ஈரத்தோடு கட்டுக் கட்டினால் பூஞ்சாணம் பிடிக்கும். செடியின் நறுமணத்துக்குக் காரணமான கூமரின், அப்போது டைகூமராலாக மாறி, வைட்டமின் கே-யின் வேலையைத் தடுத்து, இரத்தம் உறையாமல் செய்துவிடும். 1920களில் கனடாவிலும் அமெரிக்காவின் வடக்குச் சமவெளிகளிலும் கொம்பு நீக்கிய, காயடித்த மாடுகள் இரத்தம் நிற்காமல் இறந்தது இதனால்தான். எலி மருந்தான வார்ஃபரின் பிறந்ததும் இந்த ஆய்வின் தொடர்ச்சியாகத்தான்.

கண்ணுக்குப் பூஞ்சாணம் தெரியவில்லை என்று நம்பிவிடக் கூடாது. ஒரு வாரம் போட்டுப் பார்த்தோம், மாடு நன்றாக இருக்கிறது என்பதும் சான்றாகாது. பாதிப்பு வெளிப்படப் பல வாரங்கள் ஆகலாம். கெட்டுப்போன ஊறுகாய்ப்புல்லும் (காற்றுப் புகாமல் புளிக்கவைத்த பசுந்தீவனம்) இதே அளவு ஆபத்தானது. வேறு தீவனத்தோடு மாற்றி மாற்றிக் கொடுங்கள். கன்று ஈனுவதற்கும் அறுவை சிகிச்சைக்கும் சில வாரங்கள் முன்பே நிறுத்திவிடுங்கள். புதிதாக விதைப்பவர்கள் நோர்கோல்ட், போலாரா போன்ற கூமரின் குறைந்த இரகங்களைத் தேடுவது நல்லது.

தோலடியில் வீக்கம், விறைத்த நடை, வெளிறிய ஈறு தெரிந்தால் தீவனத்தை அன்றே நிறுத்திக் கால்நடை மருத்துவரை அழைக்க வேண்டும். மாட்டை விரட்டவோ இழுத்துக் கட்டவோ வேண்டாம். சிறு அடிபட்டாலும் உள்ளே இரத்தம் கசியும். சிகிச்சைக்குத் தேவை வைட்டமின் கே1. அதன் செயற்கை வடிவமான கே3 இங்கே உதவாது.