மாடித்தோட்டம்: பையை வயல் என்று நினைத்துச் செய்யும் தவறுகள்

மாடித்தோட்டம் போட்டுக் கைவிட்டவர்களின் மொட்டை மாடியில் ஒரு மூலை இருக்கும். மண் நிரம்பிய பச்சைப் பைகள் ஒன்றன் மேல் ஒன்று சாய்ந்து கிடக்கும். செடி இருக்காது, கோரை முளைத்திருக்கும். என் மாடியிலும் அப்படி ஒரு மூலை இருந்தது.

பக்கத்து மனையில் அஸ்திவாரம் தோண்டியபோது செம்மண் சும்மா கிடைத்தது. பதினைந்து பைகளை அதை வைத்தே நிரப்பி வெண்டை ஊன்றினேன். காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றினால் அடித்துளை வழியே உடனே வடிந்துவிடும். வடிகால் அருமை என்று நினைத்துக்கொண்டேன். செடியோ நாளுக்கு நாள் வாடியது. பொறுக்க முடியாமல் ஒரு பையைக் கத்தியால் கிழித்துப் பார்த்தால், நடுவில் மண் செங்கல்லாக இறுகியிருந்தது. மூன்று அங்குலத்துக்குக் கீழே சொட்டு ஈரம் இல்லை. ஊற்றிய தண்ணீரெல்லாம் மண் சுருங்கிப் பையை விட்டு விலகிய இடுக்கு வழியாக இறங்கி வெளியே போயிருக்கிறது.

வயலில் இதே செம்மண் நன்றாக விளையும். அங்கே மண்புழுவும் எறும்பும் மண்ணைப் பொலபொலப்பாக்கும், வேர் ஈரத்தைத் தேடி நாலு பக்கமும் ஓடும். பைக்குள் இருக்கும் வேர் எங்கே போகும்? நிலம் தானாகச் செய்துகொடுக்கும் வேலை அத்தனையும் இங்கே நம் தலையில்தான் விழுகிறது. புதிதாக ஆரம்பிப்பவர்கள் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை இதை மறப்பதால் வருபவை.

முதலில் மண்ணைச் சரி செய்வோம். செம்மண் ஒரு பங்கு, தென்னை நார்க்கழிவு ஒரு பங்கு, நன்றாக மக்கிய தொழு உரமோ மண்புழு உரமோ ஒரு பங்கு, பைக்கு ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு. கலந்து, லேசாக நனைத்து, ஒரு வாரம் பத்து நாள் விட்டுவிட்டு நடுங்கள். நார்க்கழிவுக் கட்டியை ஊறவைத்து அப்படியே கொட்டுவது அடுத்த தவறு. அதில் உப்பு இருக்கும். ஊறவைத்துப் பிழிந்து, இரண்டு மூன்று முறை தண்ணீர் மாற்றிய பிறகுதான் சேர்க்க வேண்டும். மக்காத பச்சைச் சாணமும் வேண்டாம், காய்கறித் தோலை நேரே பையில் புதைப்பதும் வேண்டாம். சூட்டில் வேர் வெந்துபோகும், எலியும் ஈயும் வந்து சேரும். தோலைத் தனித் தொட்டியில் மக்கவைத்துப் போடலாம்.

எடையையும் யோசித்துக்கொள்ளுங்கள். 12 அங்குல அகலமும் உயரமும் உள்ள பையில் வெறும் மண்ணை நிரப்பி நனைத்தால் 30 கிலோவைத் தாண்டும். கலவை என்றால் அந்தப் பாரம் குறையும். எப்படியானாலும் பைகளைத் தளத்தின் நடுவில் குவிக்காமல், கீழே சுவரும் உத்தரமும் உள்ள ஓரங்களில் வையுங்கள். தரையோடு ஒட்டி வைத்தால் தண்ணீர் தேங்கி ஓதம் ஏறும், அதனால் அடியில் செங்கல்லோ ஸ்டாண்டோ கட்டாயம் தேவை. அடியில் தட்டு வைத்திருந்தால் அதில் தேங்கும் நீரை அவ்வப்போது கொட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் வெண்டைக்கு முன்னால் டெங்கு கொசு விளையும்.

பால்கனி மட்டும் உள்ளவர்கள் வெயில் விஷயத்தில் ஏமாறுவார்கள். நண்பர் ஒருவர் சென்னையில் வடக்குப் பார்த்த பால்கனியில் ஜூன் மாதம் நல்ல வெயில் விழுவதைப் பார்த்துவிட்டுத் தக்காளி, கத்தரி என்று அடுக்கினார். ஐப்பசியில் பார்த்தால் ஒரு கீற்று வெயில் இல்லை. ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை சென்னையில் நண்பகல் சூரியன் தலைக்குச் சற்று வடக்கே நிற்கும், அப்புறம் தெற்கே போய்விடும். தெற்குப் பால்கனியில் கதை தலைகீழ், பனிக்காலத்தில்தான் வெயில் உள்ளே வரும். காய்க்கும் செடிகளுக்கு ஆறு மணி நேர நேரடி வெயில் வேண்டும். மூன்று நான்கு மணி நேரம்தான் கிடைக்கிறது என்றால் கீரை, புதினா, கற்பூரவல்லியோடு நிறுத்திக்கொள்வது நல்லது. அதில் ஒன்றும் குறைச்சல் இல்லை, சிறுகீரையை ஒரு மாதத்துக்குள் பறித்துவிடலாம்.

பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை என்று மே மாதம் ஆரம்பிப்பவர்கள்தான் அதிகம். அக்னி நட்சத்திர வெயிலில் பை காயும்போது வேருக்குத் தப்ப வழியில்லை. தக்காளி அந்தச் சூட்டில் பூத்தாலும் பூவெல்லாம் உதிரும். ஆடிப் பட்டம் தேடி விதை என்று சும்மா சொல்லவில்லை. இல்லையென்றால் மழை ஓய்ந்து தை வரட்டும். ஏற்கெனவே செடி இருந்தால் வெயிலில் பாதியைத் தடுக்கும் 50 சதவீத நிழல்வலையும், மண்மேல் காய்ந்த சருகு மூடாக்கும் போட்டுக் கோடையைக் கடத்தலாம்.

தண்ணீர் ஊற்ற மணி பார்க்காதீர்கள், மண்ணைப் பாருங்கள். விரலை இரண்டு கணு வரை உள்ளே விடுங்கள். ஈரம் ஒட்டினால் அன்று வேண்டாம். ஆர்.ஓ. இயந்திரம் கழிக்கும் நீரை வீணாக்க மனமில்லாமல் செடிக்கு ஊற்றுகிறார்கள். வீட்டு நீரில் இருந்த உப்பெல்லாம் செறிந்து நிற்பது அதில்தான். தரையைக் கழுவ வைத்துக்கொள்ளுங்கள்.

விதையை எப்படிப் போடுவது என்பதிலும் அவசரம் கெடுக்கும். வெண்டை, அவரை, முள்ளங்கியை நேரே ஊன்றலாம். தக்காளி, கத்தரி, மிளகாயை நாற்றுவிட்டு, 25 முதல் 30 நாளில் எடுத்து நட வேண்டும், ஒரு பைக்கு ஒரு செடிதான். கொத்தமல்லியை முழு விதையாகப் போடாமல் தேய்த்து இரண்டாக உடைத்துத் தூவுங்கள் (எங்கள் பாட்டி இதற்கென்றே ஒரு பழைய செருப்பு வைத்திருந்தார்). கீரை விதையை மணலோடு கலந்து தூவி மெல்லிசாக மண் போட்டு மூடுங்கள். திறந்து கிடந்தால் எறும்பு வரிசை கட்டித் தூக்கிப் போய்விடும். முளைக்கவில்லை என்று விதைக்காரரைத் திட்டிக்கொண்டிருப்போம்.

நட்டபோது போட்ட உரம் போதும் என்று இருந்துவிடக் கூடாது. ஒவ்வொரு முறை தண்ணீர் வடியும்போதும் சத்தும் கரைந்து போகிறது. பதினைந்து நாளுக்கு ஒருமுறை லிட்டர் தண்ணீருக்கு 30 மில்லி பஞ்சகவ்யம் (சாணம், கோமியம், பால், தயிர், நெய் சேர்த்துப் புளிக்கவைத்த கரைசல்) கலந்து கொடுங்கள். சாறு உறிஞ்சும் மாவுப்பூச்சி, அசுவினி தெரிந்தால் லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைக் கொஞ்சம் சோப்புக் கரைசலோடு கலந்து சாயங்காலம் அடியுங்கள், வெயிலில் அடித்தால் இலை கருகும். வெண்டை இலையில் நரம்பு மஞ்சளாகப் பின்னிக்கொண்டால் மருந்து தேடாதீர்கள். அது வெள்ளை ஈ பரப்பும் வைரஸ், அந்தச் செடியைப் பிடுங்கிவிடுவதுதான் மற்றதுக்கு நல்லது.

பீர்க்கனும் புடலையும் போட்டவர்களின் புலம்பல் வேறு: பிஞ்சு வருது, மஞ்சளாகி விழுந்துடுது. உடனே உரத்தைக் கூட்டுவார்கள். நான்காவது மாடிக்கு வண்டு, தேனீ வருகிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. பூவுக்குப் பின்னால் குட்டிக் காய் இருந்தால் அது பெண் பூ, வெறும் காம்பாக இருந்தால் ஆண் பூ. பாகலும் பூசணியும் காலையில் மலரும். பீர்க்கன், புடலை, சுரை பொழுது சாயும் நேரத்தில். பீர்க்கன், புடலைக்குச் சாயங்காலம் ஆறு மணிவாக்கில் ஓர் ஆண் பூவைக் கிள்ளி, இதழை மடித்துப் பிடித்துக்கொண்டு, நடுவில் உள்ள மகரந்தத்தைப் பெண் பூவின் நடுவில் உள்ள சூல்முடியில் மெல்லத் தடவுங்கள். ஒரு பூ இரண்டு மூன்றுக்குப் போதும். சேர்க்கை நடந்த பிஞ்சு சில நாளிலேயே தெரிந்துவிடும், பூ வாடித் தொங்கினாலும் காய் மட்டும் பச்சை மாறாமல் நீண்டுகொண்டே போகும்.