முருங்கை இலையும் உலக்கைப் பாலை இலையும்: எடைபோட்டுப் பார்க்கும் முறை

காரைக்குடியிலிருந்து தேவகோட்டை போகும் வழியில், கண்மாய்க் கரையில் எருக்கு, செம்மண் மேட்டில் ஆவாரை, ஐயனார் கோயில் காட்டில் உலக்கைப் பாலை, வீட்டுக் கொல்லையில் முருங்கை. மழை எல்லாவற்றுக்கும் ஒன்றுதான், இலைகள் மட்டும் ஒன்றுக்கொன்று ஒட்டாது. ஏன் என்று புரிய, ஒரு சதுர மீட்டர் இலையைச் செய்ய அந்தச் செடி எத்தனை கிராம் செலவழிக்கிறது என்று அளந்தால் போதும்.

0.01 கிராம் காட்டும் சின்ன நகைத் தராசு, ஏ4 தாள், கிராஃப் தாள், கத்தரிக்கோல், மூடி இறுகும் டப்பா ஆகியவை வேண்டும். காலம், தை மாதம். ஐப்பசி, கார்த்திகை மழையில் விட்ட இலை அதற்குள் முற்றியிருக்கும். மாசி, பங்குனியில் வேம்பு உதிர்த்துத் துளிர்க்கும். அப்போது பறித்தால் தளிரை அளந்துவிட்டு மரத்தைக் குறை சொல்வோம்.

ஓர் இனத்துக்கு ஐந்து மரம், மரத்துக்கு நான்கு இலை. வெயில் படும் வெளிக்கிளையில், பூச்சி கடிக்காத முற்றிய இலையாகப் பாருங்கள். பலரும் தவறுவது இங்கேதான். ஒரே மரத்திலும் நிழல் இலை மெல்லிசாக, அகலமாக இருக்கும். அதைக் கலந்தால் கணக்கு கெட்டது. காலையிலேயே பறித்து, ஈரத்துணியில் சுற்றி, பையில் கட்டி, அன்றைக்கே அளந்துவிடுங்கள். வாடிய இலை சுருங்கிப் பரப்பு குறையும். எருக்கம்பால் கண்ணில் படக்கூடாது. காம்பைத் துடைத்துவிட்டு வையுங்கள். கோயில் காட்டில் ஊராரைக் கேட்காமல் கை வைக்க வேண்டாம். அதே மரம் வெளியே நின்றால் அதுவே போதும்.

பரப்புக்கு எளிய வழி, காகிதம். இலையைத் தாளில் வைத்து ஓரம் வரைந்து வெட்டுங்கள். அதே தாளில் 10 செ.மீ. சதுரம் ஒன்றும் வெட்டுங்கள். 75 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 75 கிராம்) தாளில் அது 0.75 கிராம் இருக்கும். இருபது இலை வடிவங்களும் சேர்ந்து 1.95 கிராம் என்றால் பரப்பு 260 சதுர செ.மீ., அதாவது 0.026 சதுர மீட்டர். முருங்கைக்கு இது ஆகாது. நூறு சிற்றிலைகளை உருவி, கிராஃப் தாளில் பரப்பி, மேலே கண்ணாடி வைத்துக் கட்டம் எண்ணுங்கள். பாதிக்கு மேல் மூடிய கட்டம் ஒன்று, மற்றது பூஜ்யம். வேம்புக்கும் புளிய மரத்துக்கும் சிற்றிலையைத்தான் அளந்தோம் என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒன்றில் காம்போடு, இன்னொன்றில் காம்பில்லாமல் அளந்தால் ஒப்பிட முடியாது.

காயவைக்க 70 டிகிரியில் மூன்று நாள். வீட்டு ஓவன் 100-க்குக் கீழே இறங்காது என்றால் காகித உறையில் போட்டு, வத்தல் காயும் முற்றத்தில் வையுங்கள். அடுத்தடுத்த இரண்டு நாள் எடை மாறாவிட்டால் காய்ந்தது. ஆனால் வெயிலில் காய்ந்த இலையில் கொஞ்சம் ஈரம் தங்கும், எண் சற்றுக் கூடுதலாக வரும். எல்லா இனத்தையும் ஒரே முறையில் காயவைத்தால் ஒப்பீடு பெரிதாகக் கெடாது. காய்ந்ததும் டப்பாவில் மூடி ஆறவிட்டு உடனே எடைபோடுங்கள். திறந்து வைத்தால் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும்.

காய்ந்த எடை 3.12 கிராம் என்று வைத்துக்கொள்வோம். 0.026-ஆல் வகுத்தால் சதுர மீட்டருக்கு 120 கிராம். 2004-இல் 2,548 இனங்களை வைத்து வெளிவந்த உலகளாவிய ஆய்வில் இந்த எண் 14 முதல் 1,500 வரை போனது. இலையின் ஆயுளோ ஒரு மாதத்துக்கும் குறைவிலிருந்து 288 மாதம் வரை.

இரண்டும் சேர்ந்தே ஏறும். காரணத்தைக் கொடுக்கல் வாங்கல் தெரிந்த ஊரில் விளக்குவது சுலபம். முருங்கை குறைந்த முதலில் மெல்லிய இலை போட்டு, வேகமாக மாவுச்சத்து சேர்த்து, உதிர்த்துவிடும். முதல் சீக்கிரம் திரும்புகிறது. உலக்கைப் பாலை நாரும் கடினத் திசுவுமாக முதலை முடக்கும்; வரவு மெதுவாக, ஆனால் நெடுநாள் வரும். இடையில் கோடை வந்தாலும் இலை நிற்கும். மலிவாகவும் நெடுநாள் உழைப்பதாகவும் ஓர் இலையைச் செய்ய எந்தச் செடிக்கும் வழியில்லை. தொட்டுப் பார்த்து முடிவு கட்டாதீர்கள்: எருக்கின் தடிப்பில் பெரும்பங்கு தண்ணீர், காய்ந்தபின் தெரியும்.

இலையின் அகலம் வேறு கணக்கு. சின்ன இலையைச் சுற்றி அசையாக் காற்றின் படலம் மெல்லிசு, அதனால் சூடு சீக்கிரம் வெளியேறும். செம்மண் வெயிலில் புளியின் சிற்றிலைக்கு அதுவே பாதுகாப்பு. ஊருணித் தாமரைக்கு நீர் தாராளம்; நீராவி விட்டே குளிர்ந்துகொள்ளும், அகல விரியலாம். குளிர்நாடுகளில் இரவுப் பனியில் உறைந்துபோகும் அபாயமும் பெரிய இலையைத் தடுக்கிறது.

விருப்பமிருந்தால் கட்டையின் அடர்த்தியையும் அளக்கலாம். தராசில் தண்ணீர்க் குவளையை வைத்துப் பூஜ்யமாக்கி, பச்சைக் கட்டைத் துண்டை ஊசியில் குத்தி, அடி தொடாமல் முழுதாக அமிழ்த்துங்கள். காட்டும் கிராம்தான் அதன் கன செ.மீ. பிறகு 105 டிகிரியில் எடை நிற்கும் வரை காயவைத்து, அந்த எடையைக் கன அளவால் வகுங்கள். கட்டை அடியைத் தொட்டால் எண் எகிறும். ஊசியை உயர்த்தி மறுபடி பாருங்கள்.