ஸ்போர்ட்ஸ் காருக்குச் சக்கர நட்டு வாங்குகிறீர்களா? வண்ணத்தைக் கடைசியில் பாருங்கள்

"மாமா, புது ரிம் போட்டதிலிருந்து முன் இடப்பக்கம் ஏதோ கடகடக்கிறது" என்று அக்கா மகன் வந்து நின்றான். ஐந்து நட்டுகளில் இரண்டு, சாவியே (ஸ்பானரே) இல்லாமல் என் விரலுக்குத் திரும்பின. கழற்றி, ரிம்மின் நட்டுத் துளையைக் கைப்பேசி வெளிச்சத்தில் பார்த்தேன். கூம்பாகச் சரியும் சுவரில் தலைமுடி அகலத்துக்கு ஒரே ஒரு பளபளப்பான வளையம். நட்டு தொட்டுக்கொண்டிருந்த இடம் அவ்வளவுதான். அந்த மெல்லிய கோட்டை நம்பித்தான் பையன் இரண்டு வாரம் விரைவுச்சாலையில் ஓட்டியிருக்கிறான்.

அவனுடையது ஹோண்டா. அதன் சொந்த ரிம்முக்கு வரும் நட்டின் முகம், அதாவது ரிம்மில் அமரும் பகுதி, உருண்டை. அவன் வாங்கிய வெளி ரிம்மின் துளை கூம்பு. ரிம்மை மாற்றிய கடையில் பழைய நட்டையே மாட்டி அனுப்பிவிட்டார்கள். உருண்டையைக் கூம்புக்குள் எவ்வளவு இறுக்கினாலும் ஒரு கோட்டில்தான் தொடும்; ஓட ஓடத் தளரும்.

அன்று அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். மரையை (நட்டின் உள்ளே இருக்கும் திருகுவரியை)த் தீர்மானிப்பது கார். முகத்தைத் தீர்மானிப்பது ரிம். இந்த இரண்டையும் உறுதிசெய்யாமல் எந்த நட்டுக்கும் காசு கொடுக்காதீர்கள்.

முதல் படி: நட்டா, போல்ட்டா?

சக்கரம் மாட்டும் அச்சுமுகத்திலிருந்து நான்கைந்து கம்பிகள் நீட்டிக்கொண்டிருந்தால் அவை ஸ்டட். அவற்றின் மேல் திருகுவது நட்டு. ஜப்பானியக் கார்கள் பெரும்பாலும் இப்படித்தான். பிஎம்டபிள்யூ, போர்ஷ, ஃபோக்ஸ்வாகன் போன்ற ஜெர்மானியக் கார்களில் கம்பி இருக்காது, துளைதான் இருக்கும். அங்கே போல்ட் வேண்டும், நட்டு உதவாது.

பெயரைப் பார்த்து ஏமாறக்கூடிய கார் ஒன்று உண்டு. இப்போதைய டொயோட்டா ஜிஆர் சுப்ரா பிஎம்டபிள்யூவுடன் சேர்ந்து உருவான வண்டி என்பதால் அதிலும் போல்ட்தான். "டொயோட்டாவுக்கு நட்டு" என்று கேட்டு வாங்கிவந்தால் வீட்டில் காகிதம் பறக்காமல் வைத்துக்கொள்ளலாம்.

இரண்டாம் படி: மரை

நட்டுப் பெட்டியில் 12 x 1.25, 12 x 1.5, 14 x 1.5 என்று எழுதியிருப்பார்கள். முதல் எண் ஸ்டட்டின் விட்டம், மில்லிமீட்டரில். இரண்டாவது, ஒரு மரைக்கும் அடுத்த மரைக்கும் உள்ள இடைவெளி. இரண்டும் பொருந்த வேண்டும்.

பெரும்பாலான ஹோண்டாக்களிலும் மாஸ்டா எம்எக்ஸ்-5இலும் 12 x 1.5. நிசான் 370ஸீ, சுபாருவின் டபிள்யூஆர்எக்ஸ் ஆகியவற்றில் 12 x 1.25. சிவிக் டைப் ஆரின் அண்மைய தலைமுறைகளிலும், நிசான் ஜிடி-ஆர் ஆர்35, 2015க்குப் பிந்தைய மஸ்டாங் ஆகியவற்றிலும் 14 x 1.5.

நம் சிங்கப்பூரில் நிறையக் கண்ணில் படும் டொயோட்டா 86க்கு மட்டும் தனியாக ஒரு வார்த்தை. பெரும்பாலான டொயோட்டாக் கார்களில் 12 x 1.5 இருக்கும், 86இல் 12 x 1.25. அது சுபாரு பிஆர்ஸீயின் உடன்பிறப்பு, அடிப்பாகம் சுபாரு வழி வந்தது. ஆகவே கடைக்காரர் "டொயோட்டாவா? இதுதான்" என்று எடுத்து நீட்டினாலும் பெட்டியைத் திருப்பி எண்ணைப் படித்துவிடுங்கள்.

1.25க்குப் பதில் 1.5 வாங்கிவிட்டால் என்ன ஆகும்? இரண்டு சுற்று சமத்தாக ஏறும், பிறகு முரண்டு பிடிக்கும். கையால் திருகுபவர் அங்கேயே நிறுத்திவிடுவார். காற்றுத் துப்பாக்கி (காற்றழுத்தத்தால் நட்டை முடுக்கும் கருவி) வைத்திருப்பவருக்கு அது தெரியவே தெரியாது. நட்டு ஏறியும்விடும், ஸ்டட் வீணாகியும்விடும். கார் ஆர்வலர்களைப் பார்த்து "மரை கழன்றதுகள்" என்று வீட்டில் சொல்வார்கள். அதை மெய்ப்பிக்க வேண்டாமே.

மூன்றாம் படி: முகம்

நட்டு ரிம்மில் அமரும் பகுதியைத்தான் முகம் என்கிறேன். மூன்று வகை உண்டு. 60 பாகைக் கூம்பு, உருண்டை, வாஷரோடு கூடிய தட்டை. வெளியில் வாங்கும் ரிம்கள் ஏறக்குறைய எல்லாமே கூம்புதான். ஹோண்டாவின் சொந்த ரிம் உருண்டை. டொயோட்டாவின் பழைய அலாய் ரிம்கள் சிலவற்றில் தட்டை வாஷரும் துளைக்குள் இறங்கும் கழுத்தும் இருக்கும்.

ரிம்மைக் கழற்றி, நட்டுத் துளையின் உட்சுவரில் விரல் நுனியை ஓட்டுங்கள். நேராகச் சரிந்து இறங்கினால் கூம்பு. கிண்ணம்போல் வளைந்து இறங்கினால் உருண்டை. சந்தேகம் தீரவில்லையா, நட்டின் முகத்தில் மார்க்கர் பேனா மையைத் தடவி, கையால் இறுக்கிக் கால் திருப்பம் கொடுத்துக் கழற்றிப் பாருங்கள். மை முகம் முழுவதும் அழிந்திருந்தால் பொருத்தம். ஒற்றைக் கோடாக மட்டும் அழிந்திருந்தால் அக்கா மகன் கதைதான்.

இதில் இன்னொன்று. ரிம் மாற்றினால் நட்டை மாற்ற வேண்டியிருக்கலாம். பழைய ரிம்முக்குத் திரும்பும்போது பழைய நட்டுக்கும் திரும்ப வேண்டும். சிங்கப்பூரில் கார் வைத்திருக்கத் தேவையான உரிமைச் சான்றிதழின் (சிஓஇ) காலம் முடிந்து வண்டியை ஒப்படைக்கும்போதோ விற்கும்போதோ சொந்த ரிம்மைத் திரும்ப மாட்டுவோம் அல்லவா? அந்த இருபது நட்டுகளையும் ஒரு துணிப்பையில் போட்டு, எந்த ரிம்முக்கு என்று சீட்டு எழுதி வையுங்கள்.

நான்காம் படி: சாத்தே குச்சி அளவு

முனை திறந்த நட்டும் உண்டு, மூடியதும் உண்டு. மூடியது மழைத்தண்ணீரை மரைக்குள் விடாது. வாரத்தில் பாதி நாள் மழை பார்க்கும் ஊரில் அது பெரிய உதவி. ஆனால் அதற்குள் ஒரு பொறி இருக்கிறது. ஸ்டட் நீளமாக இருந்து, நட்டு ரிம்மில் அழுந்துவதற்கு முன்பே ஸ்டட்டின் நுனி மூடியில் முட்டிவிட்டால், சாவி இறுகிவிட்டது என்று சொல்லும். சக்கரமோ தளர்ந்தே இருக்கும். ஓட்டப்பந்தயத் தளத்துக்குப் போகிறவர்கள் நீண்ட ஸ்டட் போடுவார்கள். அவர்களுக்குத் திறந்த நட்டுதான் வழி.

அளப்பதற்கு நுண்கருவி தேவையில்லை. சாத்தே (குச்சியில் கோத்துச் சுட்ட இறைச்சி) தின்ற குச்சி ஒன்றைக் கழுவிக் காயவைத்து, மூடிய நட்டுக்குள் அடிவரை விட்டு, வாயருகே நகத்தால் குறியிடுங்கள். அதுதான் நட்டின் ஆழம். அடுத்து, ரிம்மை மாட்டிய நிலையில் துளைக்குள் ஸ்டட் எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது என்று அதே குச்சியால் பாருங்கள். ஆழம் கூடுதலாக இருக்க வேண்டும்.

எதிர்ப்பக்கத்துத் தவறும் நடக்கும்: மரை போதாமல் போவது. ஸ்டட்டின் விட்டம் எவ்வளவோ அந்த நீளமாவது நட்டு மரையில் ஏறியிருக்க வேண்டும் என்பது பட்டறை வழக்கு. 12 மில்லிமீட்டர் ஸ்டட்டில் 1.25 மரை என்றால் 12ஐ 1.25ஆல் வகுக்க 9.6. ஆகவே பத்துச் சுற்று. 1.5 மரைக்கு எட்டு. 14 x 1.5க்கு ஒன்பதரை. நட்டைக் கையால் திருகிக்கொண்டே வாய்விட்டு எண்ணுங்கள். சக்கரத்தை வெளியே தள்ள 5 மில்லிமீட்டர் ஸ்பேசர் (ரிம்முக்குப் பின்னால் வைக்கும் தகடு) வைத்தீர்களானால் 1.25 மரையில் நான்கு சுற்று பறிபோகும். பத்தில் நான்கு போனால் மிச்சம் ஆறு. நீண்ட ஸ்டட் போடாமல் ஸ்பேசர் வைப்பவர்களோடு நான் காரில் ஏறுவதில்லை. (ஸ்பேசரால் சக்கரம் மட்கார்டைத் தாண்டி நீட்டிக்கொண்டிருந்தால் வாகனச் சோதனையிலும் சிக்கல்தான்.)

ஐந்தாம் படி: சாக்கெட் நுழையுமா?

வெளி ரிம்களின் நட்டுத் துளை குறுகல். சொந்த நட்டு 19 அல்லது 21 மில்லிமீட்டர் சாவிக்கு இருக்கும். அந்தச் சாக்கெட்டின் (நட்டைக் கவ்வும் குழாய்முனையின்) சுவர் ரிம்மை உரசிப் பூச்சைப் பெயர்த்துவிடும். அதனால்தான் வெளி நட்டுகள் பலவும் 17 மில்லிமீட்டரில் வருகின்றன. வாங்கும் முன் மெல்லிய சுவர்ச் சாக்கெட்டைத் துளைக்குள் விட்டுச் சுற்றிப் பாருங்கள். இவ்வளவுதான் விஷயம்.

ஆறாம் படி: எந்த உலோகம்?

இங்குதான் எல்லோருக்கும் ஆசை. குரோம் மாலிப்டினம் கலந்த உருக்கு, 7075 ரக அலுமினியம், டைட்டேனியம். அலுமினியம் எடையில் உருக்கைவிடக் குறைவு, வண்ணங்களும் கண்ணைப் பறிக்கும். சமையலறைத் தராசில் நிறுத்துப் பார்த்தேன்: இருபது உருக்கு நட்டு ஒரு கிலோவைத் தொட்டது, இருபது அலுமினியம் அரைக் கிலோவைத் தாண்டவில்லை. வித்தியாசம் ஒரு சிறிய தண்ணீர்ப் போத்தல். மலேசியாவின் செப்பாங் பந்தயத் தளத்தில் ஒரு சுற்று 5.543 கிலோமீட்டர், அதில் அந்த அரைக் கிலோவை உணரக்கூடியவர் இந்தக் கட்டுரையைப் படிக்க வேண்டிய நிலையில் இல்லை.

அலுமினிய மரை மென்மையானது. அடிக்கடி கழற்றி மாட்டினால் தேயும், கோணல் மரையில் ஒருமுறை ஏறினாலே கெட்டுவிடும், காற்றுத் துப்பாக்கி ஆகவே ஆகாது. டயர்க் கடையில் ஒவ்வொரு முறையும் "அண்ணே, கையால் மாட்டுங்கள்" என்று பக்கத்தில் நின்று கெஞ்ச வேண்டியிருக்கும். டைட்டேனியம் நல்ல பொருள், ஆனால் விலையைக் கேட்டால் அடுத்த டயர் மாற்றம் தள்ளிப்போகும்.

தொடக்கக்காரருக்கு என் பரிந்துரை உருக்குதான். ஒரே துண்டாகக் கடைந்ததாக இருக்கட்டும். உள்ளே ஒரு நட்டு, மேலே மெல்லிய குரோம் தொப்பி என்று இரண்டு துண்டாக வருபவற்றில் நாளடைவில் தண்ணீர் புகுந்து தொப்பி உப்பும். பிறகு எந்தச் சாவியும் சரியாக நுழையாது. கிக்ஸ், ரேஸ், மெக்கார்ட் போன்ற பெயர்களுக்குப் போலிகளும் சந்தையில் உண்டு. நம்பமுடியாத விலைக்கு இணையத்தில் கிடைத்தால் நம்பாதீர்கள்.

பூட்டு நட்டு வாங்கினால் அதற்கான சாவி காரிலேயே இருக்கட்டும். வீட்டு அலமாரியில் பத்திரமாக இருக்கும் சாவி நள்ளிரவில் விரைவுச்சாலையோரம் யாருக்கும் உதவாது. ஈட்டி முனைபோல் நீட்டிக்கொண்டிருக்கும் நட்டு வேண்டாம். கார்நிறுத்துமிடத்தில் பக்கத்து வண்டிக்காரரின் குழந்தை இறங்கி நடக்கும். வண்ணம்? உங்கள் விருப்பம். வெயிலில் சிவப்பு வெளுத்து ரோஜா நிறமாகும் என்று மட்டும் சொல்லிவைக்கிறேன்.

ஏழாம் படி: மாட்டுவது

ஸ்டட்டின் மரையைக் கம்பித் தூரிகையால் துடையுங்கள். கிரீஸ் தடவாதீர்கள். கார் தயாரிப்பாளர் சொல்லும் இறுக்க அளவு உலர்ந்த மரைக்கானது. வழுவழுப்பாக இருந்தால் அதே அளவில் ஸ்டட் அளவுக்கு மீறி இழுபடும்.

முதல் சில சுற்று எப்போதும் விரலால். பிறகு ஒன்று விட்டு ஒன்றாக, தாளில் கை எடுக்காமல் ஐந்துமுனை நட்சத்திரம் வரைவோமே, அந்த வரிசையில் இறுக்குங்கள். சக்கரம் தரையைத் தொட்ட பிறகு டார்க் ரெஞ்ச், அதாவது இறுக்கத்தை அளந்து சொல்லும் சாவி. குறித்த அளவு வந்ததும் 'டிக்' என்று கைக்குத் தெரியும். அதோடு நிறுத்துங்கள், இன்னொரு அழுத்தம் வேண்டாம். 86க்கு 120 நியூட்டன் மீட்டர் (இறுக்கத்தின் அலகு). 12 மில்லிமீட்டர் ஸ்டட் உள்ள ஹோண்டாவுக்கு 108. 2015க்குப் பிந்தைய மஸ்டாங்குக்கு 150 பவுண்டு-அடி, அதாவது ஏறத்தாழ 203 நியூட்டன் மீட்டர். உங்கள் காரின் எண் அதன் கையேட்டில் இருக்கும். நட்டு தயாரிப்பாளர் பெட்டியில் அதைவிடக் குறைந்த வரம்பு போட்டிருந்தால் அந்த நட்டு உங்கள் காருக்கானது அல்ல.

ஐம்பதிலிருந்து நூறு கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி சரிபார்க்க வேண்டும். புது நட்டும் ரிம்மின் பூச்சும் கொஞ்சம் அமர்ந்துகொள்ளும். அக்கா மகனுக்குக் கூம்பு நட்டு மாட்டிய மறு வாரமே செப்பாங் பார்க்கக் கிளம்பினோம். சிங்கப்பூரை விட்டு மலேசியாவுக்குள் போகும் துவாஸ் சோதனைச்சாவடியில் முக்கால் டாங்க் பெட்ரோல் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். நட்டை நாம்தான் பார்க்க வேண்டும். மறுபடி சரிபார்க்க வேண்டிய தொலைவில், மலேசிய விரைவுச்சாலையில் மாச்சாப் ஓய்விடம் வந்தது. சக்கரம் சூடாக இருக்கும்போது சாவி போடக்கூடாது என்பதால் ஆளுக்கொரு தே தாரிக் குடித்து முடித்து, மேலும் அரை மணி உட்கார்ந்திருந்தோம். பிறகு அவன் டார்க் ரெஞ்சை 108இல் வைத்து ஒவ்வொன்றாகப் போனான். டிக், டிக், டிக். பின் வலப்பக்கத்தில் ஒரே ஒரு நட்டு மட்டும் ஒலிப்பதற்கு முன் விரற்கடை அளவு நகர்ந்தது. அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். "எழுதி வை, திரும்பி வரும்போது அதை முதலில் பார்" என்றேன்.