ராணுவ பாணி முகாமுக்குப் பிள்ளையை அனுப்பும் முன்: பெங்களூரு பெற்றோருக்கு ஒரு வழிகாட்டி

பள்ளிக்குப் போக மறுக்கும் மகனையோ, கைப்பேசியை வாங்கி வைத்தால் பொருள்களை உடைக்கும் மகளையோ நினைத்து இரவெல்லாம் தூங்காமல் கிடக்கும் பெற்றோருக்கு, ஒழுக்கம் கற்பித்துத் திருப்பி அனுப்புவதாகச் சொல்லும் முகாம் விளம்பரம் பெரிய ஆறுதலாகத் தோன்றுவது இயல்பே. அல்சூர்த் தமிழ்க் குடும்பங்களில் இந்த ஈர்ப்பு இன்னும் கூடுதலாக இருக்கிறது. ஏரிக்கரையை ஒட்டியே மதராஸ் சாப்பர்ஸ் படைப்பிரிவின் மையம் இருப்பதால், தாத்தா சுபேதார், மாமா ஹவில்தார் என்று சீருடைமேல் மரியாதை வைத்து வளர்ந்த வீடுகள் இங்கு நிறைய. அந்த மரியாதை நியாயமானது. ஆனால் படையில் சேர்கிறவர் மருத்துவப் பரிசோதனையில் தேறி, தம் விருப்பத்தின் பேரில் சேர்கிறார். அவரைப் பயிற்றுவிப்பவருக்கு மேலே கேள்வி கேட்க அதிகாரிகள் இருக்கிறார்கள். சீருடையை மட்டும் மாட்டிக்கொண்டு நடக்கும் தனியார் முகாமில் பதினான்கு வயதுப் பிள்ளைக்கு இவற்றில் எதுவும் உறுதியில்லை. பள்ளி வழியாக நடக்கும் என்.சி.சி. முகாம்களை நான் இங்கே குறிப்பிடவில்லை.

இத்தகைய முகாம்கள் பெருகிய நாடு அமெரிக்கா. அச்சுறுத்தித் திருத்த முயலும் திட்டங்கள் பலன் தருவதில்லை என்றும், நிலைமையை மேலும் மோசமாக்கக்கூடும் என்றும் அந்நாட்டின் தேசியச் சுகாதார நிறுவனம் கூட்டிய வல்லுநர் குழு 2004இலேயே முடிவு செய்தது. பலன் இல்லை என்பதைவிட என்னை உலுக்குவது அங்கே நேர்ந்த மரணங்களின் தன்மை. 1994இல் யூட்டா மாநிலத்தில் பதினாறு வயதுச் சிறுவன் ஒருவன் வயிற்றுவலி என்று நாள்கணக்கில் சொல்லிக்கொண்டே இருந்தான். நடிக்கிறான் என்று பணியாளர்கள் ஒதுக்கினார்கள். குடற்புண் வெடித்து அவன் இறந்தான். 2006 ஜனவரியில் ஃபுளோரிடாவில் பதினான்கு வயதுச் சிறுவன் முகாமுக்கு வந்த முதல் நாளே ஓட முடியாமல் நின்றான். அதைப் பிடிவாதம் என்று எடுத்துக்கொண்ட காவலர்கள் அவனை அடித்து அழுத்திப் பிடித்து, வாயைப் பொத்தி, மூக்கில் அம்மோனியாவை வைத்தார்கள். மறுநாள் அவன் இறந்தான். அந்த மாநிலம் அதே ஆண்டில் தன் முகாம்களை மூடியது. நாடாளுமன்றத்துக்காகத் தணிக்கை செய்யும் அமெரிக்க அலுவலகம் 2007இல் பத்து மரணங்களை ஆராய்ந்தபோதும், பயிற்சியில்லாத பணியாளர்களையும் பிள்ளையின் உடல்நலக் குறையை நடிப்பு என்று தள்ளிய போக்கையும் கண்டது.

ஆகவே முகாமைப் பற்றி நீங்கள் முதலில் அறிய வேண்டியது, "முடியவில்லை" என்று பிள்ளை சொன்னால் அதை யார் நம்புவார், அந்தச் சொல் உங்கள் காதுக்கு எத்தனை மணி நேரத்தில் வந்து சேரும் என்பதே. முதல் இரண்டு வாரம் பேசவே கூடாது என்றோ, பிள்ளை பொய் சொல்லி அழும், நம்பாதீர்கள் என்றோ நிர்வாகம் முன்கூட்டியே சொன்னால், அங்கேயே பேச்சை முடித்துக்கொண்டு எழுந்து வந்துவிடுங்கள். முன்பணம் கட்டியிருந்தாலும் பரவாயில்லை.

நேரில் போகாமல் பணம் கட்ட வேண்டாம். ராமநகரமோ கனகபுரமோ குடகோ, எங்கே இருந்தாலும் ஒரு நாள் செலவழித்து, முடிந்தால் முன்னறிவிப்பின்றிப் போய், பிள்ளைகள் உறங்கும் அறையையும் கழிவறையையும் பாருங்கள். தனிமையில் அடைத்து வைக்கும் அறை ஏதேனும் உண்டா என்று கேளுங்கள். அறக்கட்டளைப் பதிவோ ஜி.எஸ்.டி. எண்ணோ பிள்ளைகளைத் தங்கவைத்துப் பராமரிக்கும் உரிமம் ஆகாது. எந்தச் சட்டத்தின்கீழ் பதிவு என்று எழுத்தில் கேட்க வேண்டும். போதைப்பழக்கத்துக்கோ மனநலத்துக்கோ சிகிச்சை தருவதாக அவர்கள் சொன்னால், 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் குறுக்கே வருகிறது. அதன்படி பதினெட்டு வயதுக்கு உட்பட்டவரை மருத்துவர்கள் தனித்தனியே பரிசோதித்த பிறகே சேர்க்கலாம், பெரியவர்களோடு தங்கவைக்கக் கூடாது, பெற்றோரோ அவர்கள் நியமித்த ஒருவரோ முழுக் காலமும் உடன் தங்க வேண்டும். பெற்றோரை வாசலிலேயே திருப்பி அனுப்பும் சிகிச்சை முகாம் இந்த ஒரு விதியிலேயே தோற்றுவிடுகிறது.

பயிற்சியாளர் ஓய்வுபெற்ற ராணுவ வீரர் என்றால் அவருடைய டிஸ்சார்ஜ் புத்தகத்தையும், எல்லாப் பணியாளர்களுக்கும் காவல்துறைச் சரிபார்ப்புச் சான்றையும் கேளுங்கள். அதோடு, மனச்சோர்வில் இருக்கும் பிள்ளையை அடையாளம் காண அவருக்கு யார் கற்றுக்கொடுத்தார் என்றும் கேளுங்கள், ஏனெனில் படைப் பணி எவ்வளவு சிறப்பானதாக இருந்தாலும் அந்தப் பயிற்சியைத் தருவதில்லை. பிள்ளை கட்டளைக்கு இணங்க மறுத்தால் என்ன செய்வீர்கள் என்ற கேள்விக்குத் தடுமாற்றமில்லாத பதில் வர வேண்டும். குப்புறப் படுக்கவைத்து மேலே அமர்ந்து அழுத்துவது மூச்சை நிறுத்திவிடும். உணவையோ தண்ணீரையோ உறக்கத்தையோ தண்டனையாக நிறுத்துவது கொடுமையன்றி வேறில்லை.

வெயிலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். பெங்களூரின் தட்பவெப்பத்துக்குப் பழகிய பிள்ளையை ஏப்ரல், மே மாதங்களில் திறந்தவெளியில் ஓடவிடுகிறார்கள். உடல் வெப்பத்துக்குப் பழக ஒன்று முதல் இரண்டு வாரம் ஆகும். பத்து நாள் முகாம் என்றால் உடல் முழுவதும் பழகுவதற்கு முன்பே முகாம் முடிந்துவிடக்கூடும். அதனால் முதல் சில நாள்களே மிக ஆபத்தானவை. ஓடும் பிள்ளை உளறினாலோ, தள்ளாடினாலோ, மயங்கினாலோ அது வெப்பத்தாக்கு என்றே கருதி, உடனே குளிர்ந்த நீரில் அமிழ்த்தியோ நீரை ஊற்றிக்கொண்டே இருந்தோ உடலைக் குளிர்வித்துக்கொண்டு 112ஐ அழைக்க வேண்டும். அளவுக்கு மீறிய தண்டால், பஸ்கிக்குப் பிறகு சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனால் தசைகள் சிதைகின்றன என்று பொருள், சிறுநீரகம் பாதிக்கப்படும் முன் மருத்துவமனைக்குப் போயாக வேண்டும். இவ்விரண்டையும் முகாம் பொறுப்பாளரிடமும் கேளுங்கள், உங்கள் பிள்ளைக்கும் சொல்லிக்கொடுங்கள். கவனக்குறைபாட்டுக்கோ (ஏ.டி.எச்.டி.) மனநலத்துக்கோ மருந்து சாப்பிடும் பிள்ளைக்குக் கடும் உடற்பயிற்சியும் வெயிலும் ஒத்துவருமா என்று மருத்துவரிடம் முன்பே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மருந்தை நீங்களாக நிறுத்த வேண்டாம். ஆஸ்துமா இருந்தால் இன்ஹேலர் பிள்ளையின் சட்டைப்பையில் இருக்க வேண்டும், அலுவலகப் பீரோவில் அல்ல.

அனுப்புவதென்று முடிவானால், தினமும் ஒரு முறை பேசும் நேரத்தை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். பயிற்சியாளர் பக்கத்தில் நின்று கேட்பார் என்றே வைத்துக்கொண்டு, வீட்டுக்குள் ஒரு குறிப்பு வாக்கியத்தைப் பேசி வையுங்கள். "பாட்டிக்கு முட்டிவலி எப்படிம்மா இருக்கு?" என்று பிள்ளை கேட்டால், மறுபேச்சில்லாமல் அன்றிரவே வண்டி எடுத்துக்கொண்டு போய் அழைத்து வர வேண்டும் என்று பொருள். அதைச் சோதித்துப் பார்க்கவென்றே பிள்ளை சொன்னாலும் போங்கள். 1098 என்ற சிறார் உதவி எண்ணை அவர்கள் மனப்பாடமாகச் சொல்லத் தெரிந்திருக்கட்டும்.

முகாமைத் தவிர வேறு வழியே இல்லை என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். ஓசூர் சாலையிலுள்ள நிம்ஹான்ஸில் குழந்தை, வளரிளம் பருவ மனநலப் பிரிவு இருக்கிறது. இணையத்தையும் விளையாட்டுச் செயலிகளையும் விடமுடியாதவர்களுக்கென்று 2014இல் தொடங்கிய ஷட் கிளினிக்கையும் நிம்ஹான்ஸ் நடத்துகிறது. அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி மானஸின் 14416 என்ற எண்ணில் தமிழிலேயே கட்டணமின்றிப் பேசலாம். விண்ணப்பத்தில் கையெழுத்திடும் முன் இந்த அழைப்பைச் செய்துவிடுங்கள்.

பிள்ளை திரும்பி வந்த அன்று உறவினர்களைக் கூட்டி வைக்காதீர்கள். எடை, பாதம், மணிக்கட்டு, முதுகு ஆகியவற்றைப் பாருங்கள். பேச்சு குறைந்திருக்கிறதா என்று கவனியுங்கள். காயம் தெரிந்தால் தேதியோடு படம் எடுத்து, அரசு மருத்துவமனையில் மருத்துவச் சட்டப் பதிவு (எம்.எல்.சி.) செய்து, பிள்ளை சொல்வதைக் குறுக்கிடாமல் அவர்கள் வாயிலிருந்து வந்தபடியே எழுதி வையுங்கள். பராமரிப்பில் விடப்பட்ட பிள்ளையை நிறுவனத்தார் கொடுமைப்படுத்தினால் 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டத்தின் 75ஆம் பிரிவில் ஐந்தாண்டு வரை கடுங்காவலும் ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. முகாம் வேறு மாவட்டத்தில் இருந்தாலும் உங்கள் பகுதிக் காவல் நிலையத்திலேயே ஜீரோ எஃப்.ஐ.ஆர். பதிய முடியும், அங்கே போ, இங்கே போ என்று அலைக்கழித்தால் அதைச் சொல்லி வற்புறுத்துங்கள். பாலியல் துன்புறுத்தல் நடந்திருந்தால் போக்சோ சட்டப்படி வாக்குமூலத்தை உங்கள் வீட்டிலேயே வந்து பதிவு செய்யுமாறு கேட்கலாம்; பிள்ளைக்குக் கன்னடம் தடுமாறினால், தமிழ் தெரிந்த மொழிபெயர்ப்பாளரை வரவழைக்கும்படியும் கேளுங்கள்.