சூப்பர் ஹீரோ பிறந்த கதை எழுதுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் மதுரை தல்லாகுளத்தில் நண்பர் வீட்டு மாடியில் காமிக்ஸ் வரைகிற பிள்ளைகளோடு உட்காருகிறேன். பத்துப் பன்னிரண்டு பேர் வருவார்கள். யாரைக் கேட்டாலும் முதலில் வரைய நினைப்பது ஒன்றைத்தான்: ஒரு சாதாரண ஆள், ஓர் ஆய்வுக்கூடம், ஒரு விபத்து, அதிலிருந்து எழுந்து வரும் சூப்பர் ஹீரோ. நானும் அங்கிருந்துதான் தொடங்கினேன். அதனால் நோட்டைப் பிரித்ததுமே எந்தப் பக்கத்தில் இடறியிருப்பார்கள் என்று தெரிந்துவிடுகிறது. நான் விழுந்த அதே பள்ளம்.

எழுத்துப்பிழை, கட்டத்துக்குக் கட்டம் சட்டை நிறம் மாறுவது, இடது கைக் கட்டு வலது கைக்குப் போய்விடுவது, இதெல்லாம் இங்கே வேண்டாம். இன்னொரு முறை புரட்டினால் உங்கள் கண்ணுக்கே பட்டுவிடும். எத்தனை முறை புரட்டினாலும் கண்ணில் படாதவற்றை மட்டும் சொல்கிறேன்.

அறிவியலை விளக்கி முடித்துவிட்டுக் கதையைத் தொடங்குவது

என் முதல் புத்தகம் 32 பக்கம். அச்சகக் கணக்கில் இரண்டு ஃபாரம். சிவகாசியில் 500 பிரதி அடித்தேன். ஒன்றரை வருடம் சேர்த்த பணம் அது. நாயகன் ஓர் ஆய்வுக்கூட உதவியாளன். பெரிய காந்தம் ஒன்றின் நடுவே சிக்கிக்கொள்கிறான், அன்றிலிருந்து அவன் உடம்பு இரும்பை இழுக்கிறது. இதைச் சொல்ல எனக்கு இரண்டு வரி போதுமாயிருக்கிறது. அன்றைக்கு 19 பக்கம் எடுத்துக்கொண்டேன். காந்தம் என்றால் என்ன, அணுவுக்குள் எலக்ட்ரான் என்ன செய்கிறது, குளிரவைத்தால் கம்பிச்சுருளில் என்ன மாறும் என்று பேராசிரியர் விளக்கிக்கொண்டே போவார். உதவியாளன் "அப்படியா சார்?" என்பான். அவன் முதன்முதலாகக் கையை நீட்டி ஓர் இரும்புக் கதவைப் பிடுங்குவது 20ஆம் பக்கத்தில்.

தமுக்கம் மைதானத்தில் புத்தகத் திருவிழா. நண்பர் ஒருவர் தன் கடையின் ஓரத்தில் என் புத்தகத்தை அடுக்க இடம் கொடுத்தார். இரண்டாம் நாள் சாயங்காலம் பத்து வயதிருக்கும் ஒரு பையன் தாத்தாவோடு வந்தான். அட்டையைப் பார்த்ததும் ஓடிவந்து எடுத்தான். அட்டையில் நாயகன் ஒரு லாரியை ஒற்றைக் கையால் இழுத்துக்கொண்டிருப்பான். பையன் நின்றபடியே படிக்க ஆரம்பித்தான். நான்காம் பக்கத்தில் எட்டுக் கட்டம், எட்டிலும் கரும்பலகை. அவன் விரல் கட்டம் கட்டமாக நகர்ந்து ஐந்தாவதில் நின்றுவிட்டது. நாலைந்து பக்கத்தைச் சேர்த்துப் புரட்டினான். அங்கேயும் கரும்பலகை. "தாத்தா, இதுல அவரு எப்ப வருவாரு?" என்று கேட்டான். தாத்தா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி ஒரு பக்கத்தைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. பையன் புத்தகத்தை மூடி அடுக்கின் மேல் வைத்தான். வைத்துவிட்டு, மற்றப் புத்தகங்களோடு ஓரம் சேரும்படி விரலால் தட்டிச் சரிசெய்துவிட்டுப் போனான்.

புத்தகத்தை அப்படி மதிக்கிற பிள்ளை அவன். லாரி இழுப்பவனைப் பார்க்க ஆசையாய் ஓடிவந்தவன். அவனை வெறுங்கையோடு அனுப்பிய அந்தப் பக்கங்களை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை. அதனால்தான் யாராவது ஆய்வுக்கூடத்திலேயே பத்துப் பக்கம் தங்கிவிட்டால் என் குரல் உயர்ந்துவிடுகிறது.

முன்னோடிகள் எத்தனை பக்கம் செலவழித்தார்கள் என்று எண்ணிப் பாருங்கள். 1938 ஜூன் தேதியிட்ட இதழில் சூப்பர்மேன் முதன்முதலாக வந்தபோது, அவர் பிறந்த கதைக்குக் கிடைத்தது ஒரே பக்கம். தூரத்துக் கிரகம் அழிகிறது, குழந்தை விண்கலத்தில் ஏற்றப்படுகிறது, பூமிக்கு வருகிறது, வளர்கிறது, எல்லாம் அந்த ஒரு பக்கத்துக்குள். கிரகத்துக்கு அப்போது பெயர்கூட வைக்கவில்லை. அவ்வளவு பலம் எப்படி வந்தது என்ற அறிவியல் விளக்கமும் அதே பக்கத்தின் அடியில்தான் இருக்கிறது. ஓர் எறும்பு, ஒரு வெட்டுக்கிளி. எறும்பு தன் எடையைப்போல் நூற்றுக்கணக்கான மடங்கு சுமக்கும். வெட்டுக்கிளி தாவுகிற தூரம் மனிதனுக்கு எத்தனையோ தெருக்களைத் தாண்டுவதற்குச் சமம். அவ்வளவுதான். இன்றைய அறிவியல் அந்த ஒப்பீட்டை ஒத்துக்கொள்ளாது. உடல் பெரிதாகப் பெரிதாக எடை ஏறுகிற வேகத்துக்குத் தசையின் பலம் ஏறாது. ஆனாலும் வாசகன் நம்பினான். எறும்பு சர்க்கரையைத் தூக்கிப் போவதைத் தன் வீட்டு அடுப்படியில் பார்த்தவன் அவன்.

பேட்மேன் வந்தது 1939 மே இதழில். அவர் ஏன் அப்படி ஆனார் என்பது நவம்பர் இதழில்தான் வருகிறது, அதுவும் இரண்டே பக்கம். ஆறு மாதம் வாசகன் காரணம் தெரியாமலே அவரோடு கூரை கூரையாகத் தாவியிருக்கிறான். 1962 ஆகஸ்ட் இதழில் வந்த ஸ்பைடர்மேனின் முதல் கதை மொத்தமே 11 பக்கம். சிலந்தி கடித்தது, பையன் சம்பாதிக்கக் கிளம்பியது, திருடனைத் தடுக்காமல் விட்டது, அதே திருடன் பெரியப்பாவைக் கொன்றது, எல்லாம் அந்த 11 பக்கத்துக்குள் அடங்குகிறது. கதிரியக்கம் எப்படிச் சிலந்திக்குள் புகுந்து எப்படி இரத்தத்தில் கலந்தது என்று யாரும் கரும்பலகையில் எழுதிக் காட்டவில்லை.

நம் பிள்ளைகள் ஏன் இதில் மாட்டுகிறார்கள் என்றால், பயம். விளக்காவிட்டால் நம்பமாட்டார்களோ என்று பயம். எனக்கும் அதே பயம்தான் இருந்தது. இப்போது நான் ஒரு கணக்கு வைத்திருக்கிறேன்: அறிவியலுக்கு இரண்டு கட்டம். அந்த இரண்டிலும் வாசகன் தொட்டுப் பார்த்த பொருள் ஒன்று இருக்க வேண்டும். என் காந்த நாயகனுக்குத் தையல்கடைக் காந்தம் போதுமாயிருந்திருக்கும். தரையில் சிந்திய குண்டூசிகள் துள்ளி வந்து ஒட்டுவது ஒரு கட்டம். அடுத்த கட்டத்தில் அதேபோல் அவன் உள்ளங்கையில் சாவிக்கொத்து. மூன்றாம் பக்கத்திலேயே லாரியை இழுத்திருக்கலாம்.

நியூட்ரினோ தாக்கியது என்று எழுதுவது

தேனி மாவட்டம் பொட்டிப்புரம் பக்கம் மலையைக் குடைந்து நியூட்ரினோ ஆய்வகம் அமைக்கப்போகிறார்கள் என்ற பேச்சு எழுந்ததிலிருந்து எனக்கு வரும் கதைகளில் பாதிக்கு இதுதான் விபத்து. நியூட்ரினோ கதிர் பாய்கிறது, நாயகன் சுருண்டு விழுகிறான், கண் பச்சையாக ஒளிர்கிறது.

சூரியனிலிருந்து வரும் நியூட்ரினோ என்னும் நுண்துகள்கள் உங்கள் கட்டைவிரல் நகத்தின் வழியாக ஒவ்வொரு நொடியும் 6,000 கோடிக்கும் மேல் போய்க்கொண்டிருக்கின்றன. இதை வாசிக்கும்போதும் போகின்றன. ஒன்றும் ஆகவில்லை. எதையும் தொடாமல் போவதுதான் அதன் குணம். அதனால்தான் அதைப் பிடிக்க மலைக்கு அடியில் 50,000 டன் இரும்பை அடுக்கத் திட்டம் போட்டார்கள். அதன் சின்ன மாதிரியாக 85 டன் கருவி ஒன்று மதுரையிலேயே இருக்கிறது. அது பார்ப்பது வானத்திலிருந்து வரும் மியூவான் என்ற வேறு வகைத் துகள்களை. அவை உங்கள் உள்ளங்கை வழியே ஏறத்தாழ நொடிக்கு ஒன்று வீதம் போகின்றன.

இதைச் சொன்னதும் ஒரு பையன் முகம் வாடிப்போனான். வாட வேண்டியதில்லை, நல்ல கதை இந்த உண்மைக்குள்ளேயே இருக்கிறது. எல்லோரையும் தொடாமல் போகிற ஒன்று நாயகியிடம் மட்டும் ஏன் நிற்கிறது? இப்படிக் கேட்டால் விபத்தே தேவையில்லை.

இன்னொன்று. ஒவ்வொரு காலமும் தான் பயந்த பொருளிலிருந்துதான் நாயகர்களைப் பிறப்பித்தது. 1961 ஏப்ரலில் ககாரின் விண்வெளிக்குப் போனார். அதே வருட நவம்பரில் வந்த 'ஃபென்டாஸ்டிக் ஃபோர்' முதல் இதழில் விண்வெளிக்குப் போன நான்கு பேர் காஸ்மிக் கதிர் பட்டு உருமாறுகிறார்கள். 1962இல் ஹல்க்கை உருவாக்கியது காமா குண்டு. அந்த வருடத்துக் கதிரியக்கச் சிலந்தி, 2000இல் கதையைப் புதிதாகச் சொன்னபோது மரபணு மாற்றிய சிலந்தியாகிவிட்டது. சரி, நம் ஊருக்கு எதில் பயம்? மேலூர்ப் பக்கம் போய்ப் பாருங்கள். அரிட்டாபட்டி 2022இல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட ஊர். அங்கே டங்ஸ்டன் சுரங்கம் வரும் என்றதும் ஊரே திரண்டு எதிர்த்தது, 2025 ஜனவரியில் திட்டம் கைவிடப்பட்டது. டங்ஸ்டன் உருக 3,400 டிகிரிக்கு மேல் வேண்டும், உலோகங்களில் அதுதான் உச்சம். இவ்வளவு பக்கத்தில் இப்படி ஒன்று இருக்கும்போது, எங்கோ பாலைவனத்தில் வெடிக்கும் குண்டு நமக்கு எதற்கு?

மதுரையில் நியூயார்க்கை வரைவது

நாயகன் எதில் நூலைக் கட்டித் தொங்குவான்? மாசி வீதியில் அறுபது மாடிக் கட்டடம் வரைந்து கொண்டுவந்தார் ஒருவர். நம் ஊர் வானத்தில் எழுந்து நிற்பது தெற்குக் கோபுரம், ஏறக்குறைய 170 அடி. சுற்றிலும் கேபிள் வயர், தண்ணீர்த் தொட்டி, மொட்டைமாடிக் கொடி. இதையெல்லாம் பயன்படுத்தினால் காட்சி தானாகப் புதிதாகிறது. மின்னல் வேகத்தில் ஓடுகிறவனை எடுத்துக்கொள்ளுங்கள். ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி என்று சதுரத்துக்கு வெளியே சதுரமாகப் போகிற வீதிகள். சுற்றுக்கு நான்கு திருப்பம், ஒவ்வொன்றும் செங்கோணம். அந்த வேகத்தில் எப்படித் திரும்புவான்? முதல் நாள் எந்தக் கடைச் சுவரில் மோதுவான்? எனக்கு உடனே பார்க்க வேண்டும்போல் இருக்கிறது.

முகமூடி

கண் தெரிய வேண்டும்.

வில்லன்

அதே ஆய்வுக்கூடத்தில், அதே விபத்தில், அதே நொடியில் அவனும் பிறக்க வேண்டாம்.

வசனப் பலூனுக்கு இடம் விடாமல் வரைவது

தமிழ்ச் சொல் நீளம். "காப்பாற்றிவிடுகிறேன்" என்று எழுதினாலே கட்டத்தின் அகலம் போய்விடும். வசனத்தை முதலில் எழுதிப் பலூனைப் போடுங்கள், அப்புறம் ஆளை வரையுங்கள்.

சக்திக்கு எல்லை வைக்காமல் விடுவது

பறப்பான், தீ கக்குவான், மனசைப் படிப்பான், காயமும் ஆறிவிடும். அப்படியானால் அவனுக்காக நான் எதற்குப் பதற வேண்டும்?

இரும்புக்கை மாயாவியை நினைத்துக்கொள்ளுங்கள். 1962இல் பிரிட்டனில் வந்த கதை, 1972இல் முத்து காமிக்ஸின் முதல் இதழாகத் தமிழுக்கு வந்தது. மின்சாரம் பாய்ந்தால் ஆள் மறைவார், ஆனால் எஃகுக் கை மறையாது. கொஞ்ச நேரத்தில் உடம்பு திரும்பத் தெரிய ஆரம்பிக்கும், மறுபடியும் மின்சாரம் தேட வேண்டும். இந்த மூன்று விதியும் தெரிந்த பிறகு, காற்றில் தனியாக மிதந்து வரும் ஒரு கையைப் பார்த்தாலே வாசகன் நெஞ்சு அடித்துக்கொள்ளும். மின்வெட்டு வந்தால் இவர் கதி என்ன என்று தமிழ்ப் பிள்ளை தானாகவே கணக்குப் போடும்.

போன மாதம் வகுப்புக்கு வந்த ஒரு பெண், அவள் அம்மாவுக்கு மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் கடை. கதையும் அங்கேதான். மரபணு திருத்திய மல்லிகை ஒன்று ஆய்வுக்கூடத்திலிருந்து சந்தைக்கு வந்துவிடுகிறது, அதைத் தொடுத்த பெண்ணுக்கு அடுத்தவர் பயம் மணமாகத் தெரிகிறது. எனக்கு மிகவும் பிடித்திருந்தது. ஆனால் 24 பக்கத்தில் 14 பக்கம் மரபணு. எல்லையும் இல்லை, எப்போதும் எல்லோருடைய பயமும் அவளுக்குத் தெரியும்.

"மல்லியை எப்பம்மா பறிப்பாங்க?" என்று கேட்டேன்.

"விடியறதுக்குள்ள சார். மொட்டாத்தான் பறிக்கணும். சாயங்காலந்தான் விரியும்."

சொல்லி முடித்ததும் அவளே நிமிர்ந்து பார்த்தாள். பகலில் மொட்டு, அவளுக்கு ஒன்றும் தெரியாது. சாயங்காலம் விரிய விரியச் சக்தி ஏறும். பூ வாடும்போது போய்விடும். எல்லையும் கிடைத்தது, அறிவியலுக்கான இரண்டு கட்டமும் கிடைத்தது: கூடையில் மொட்டு, விளக்கு வைக்கிற நேரத்தில் பூ.

அடுத்த வாரம் புதிதாக வரைந்து கொண்டுவந்தாள். 14 பக்கம் போய்விட்டது. ஆனால் இரண்டுக்குப் பதில் மூன்று கட்டம் இருந்தது. நடுவில் அம்மாவின் விரல்கள். வாழைநாரை வளைத்து முடிச்சுப் போடும்போது சுண்டுவிரல் மட்டும் தூக்கி நிற்கிறது, நகக்கண்ணில் பச்சைக் கறை. அந்தக் கட்டத்தை அடித்துவிடப் பென்சிலை எடுத்தேன்.

"இது மட்டும் வேணும் சார்" என்றாள்.

பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன்.